நட்ட 24 நாளில் நெல் துருப்பிடித்த மாதிரி ஆகிறது: மகேனியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் ஐயா. சியரா லியோனில் மகேனிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள சதுப்புப் பள்ளத்தில் 12 ஏக்கர் ஐஆர் 64 ரக நெல் நட்டு 24 நாள் ஆகிறது. கீழ் இலைகளின் நுனியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி விழுந்து, பிறகு இலை முழுக்க ஆரஞ்சு நிறமாகிக் காய்கிறது. தூர் கட்டவில்லை. மேட்டை ஒட்டிய வயல்களில்தான் அதிகம், நடுவில் குறைவு. தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ வைரஸ் நோய் என்று நினைத்து, அந்தப் பூச்சிக்கு இரண்டு தடவை மருந்து அடித்தேன். பச்சை பிடிக்கட்டும் என்று அம்மோனியம் சல்பேட்டும் போட்டேன். இன்னும் மோசமாகத்தான் போகிறது. வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் வேறு மிதக்கிறது, யாராவது டீசல் ஊற்றுகிறார்களோ என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் மருந்து தெளிப்பதை நிறுத்துங்கள். துங்ரோ ஆசியாவில் உள்ள நோய், ஆப்பிரிக்காவில் கிடையாது. ஊரில் பார்த்துப் பழகிய கண்ணோடு அங்கே போனால் எல்லாருக்கும் வரும் குழப்பம்தான் இது. அங்கே வேறொரு வைரஸ் உண்டு, மஞ்சள் தேமல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஆப்பிரிக்காவில் மட்டும்தான் இருக்கிறது. வண்டு பரப்பும், ஆள் கையும் அரிவாளும்கூடப் பரப்பும். ஆனால் அது இளம் இலையில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு கோடாகத் தெரியும், மேடு பள்ளம் பார்த்து வராது. நீங்கள் சொல்வது கீழ் இலை, நுனியிலிருந்து பழுப்பு, அதுவும் மேட்டோர வயல். இது இரும்பு நச்சு, அதாவது கரைந்த இரும்பு அளவுக்கு மீறிப் பயிருக்குள் ஏறுவது.

சந்தேகம் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள், செலவே இல்லை. அந்த எண்ணெய்ப் படலத்தை ஒரு குச்சியால் கிழியுங்கள். டீசல் என்றால் உடனே திரும்பச் சேர்ந்துகொள்ளும். இரும்புப் படலம் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக நிற்கும். அப்புறம், மேட்டோர வயலில் ஒரு குத்து, நடு வயலில் ஒரு குத்து பிடுங்கி வேரை அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேட்டோரத்து வேர் குறைவாக, கரும்பழுப்புப் பூச்சோடு இருக்கும். கறுத்துப் போய் அழுகின முட்டை நாற்றம் அடித்தால் நிலைமை முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கிருந்து வருகிறது இந்த இரும்பு? உங்கள் பள்ளத்துக்கு இருபுறமும் இருக்கும் மேடு செம்பூரான் கல் கலந்த செம்மண். மழைக்காலத்தில் மேட்டில் இறங்கும் தண்ணீர் மண்ணுக்கடியிலேயே சரிந்து வந்து, பள்ளத்தின் ஓரத்தில் ஊற்றாகக் கசிகிறது. வரும்போதே கரைந்த இரும்பைச் சுமந்துகொண்டு வருகிறது. அது போதாதென்று, வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்பதால் காற்றில்லாமல் மண்ணில் உள்ள இரும்பும் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. நல்ல வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்ஸிஜனைக் கசியவிட்டு இந்த இரும்பை வெளியிலேயே துருவாக்கி நிறுத்திவிடும். சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) மணிச் சத்தும் (பாஸ்பரஸ்) குறைந்த பயிருக்கு அந்தத் தெம்பு இருக்காது, இரும்பு நேரே இலைக்கு ஏறிவிடும். மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளத்தாக்கு வயல்களில் இதனால் வரும் மகசூல் இழப்பை 12 சதவீதத்திலிருந்து முழு இழப்பு வரை பதிவு செய்திருக்கிறார்கள், ஆகவே அலட்சியம் வேண்டாம்.

அம்மோனியம் சல்பேட் போட்டதுதான் எனக்கு வருத்தம். தேங்கிய தண்ணீரில் சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி, பாதுகாப்புக்கு இருக்கிற அந்த வேரையே அடிக்கும். இனி அது வேண்டாம், தழைச்சத்துக்கு யூரியாவே போதும்.

இப்போது செய்ய வேண்டியது, காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீரை முழுக்க வடித்து, 7 முதல் 10 நாள், மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும் வரை காயவிடுங்கள். காற்று இறங்கினால் கரைந்த இரும்பு திரும்பத் துருவாகி மண்ணிலேயே தங்கிவிடும். ஆகஸ்ட் மழையில் எங்கே காய்வது என்று கேட்பீர்கள், நியாயம்தான். மடையைத் திறந்துவிட்டால் மட்டும் நடக்காது. நடு ஓடையை ஆழப்படுத்தி, ஒவ்வொரு வயலிலிருந்தும் அதற்குக் குறுக்கு வடிகால் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேட்டின் அடியை ஒட்டி நெடுக ஒரு வாய்க்கால் வெட்டி, கசிவு நீரை வயலுக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே ஓடையில் சேர்ப்பது. இந்த வேலையைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான். கவனித்துப் பாருங்கள், அந்த நாட்டில் பல பள்ளத்தாக்குகளில் பழைய திட்டங்களில் வெட்டிய ஓர வாய்க்கால் தூர்ந்து புதர் மண்டிக் கிடக்கும். உங்களிடமும் இருந்தால் தூர் வாரினாலே போதும், பாதிக் கூலி மிச்சம்.

காயப் போடுவதற்கு முன்னால் யூரியா போடாதீர்கள், வீணாகப் போய்விடும். காய்ந்து, புது வெள்ளை வேர் தலைகாட்டிய பிறகு ஏக்கருக்கு 20 கிலோ பொட்டாஷோடு 25 கிலோ யூரியா போட்டுத் தண்ணீர் கட்டுங்கள், கதிர் உருவாகும் நேரத்தில் இன்னொரு 20 கிலோ பொட்டாஷ். தனிப் பொட்டாஷ் கிடைக்கவில்லை என்றால் கடையில் கிடைக்கும் 15-15-15 கலப்பு உரத்தையாவது போடுங்கள், மணிச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து ஒரு தடவை இலைவழித் தெளிப்பும் கொடுக்கலாம். தெளிப்பில் போகிற இந்தத் துளி சல்பேட்டுக்குப் பயப்பட வேண்டாம். கதிர் உருவாக ஆரம்பித்த பிறகு காயப் போடாதீர்கள், அதனால்தான் இப்போதே அவசரப்படுத்துகிறேன். ஐஆர் 64க்கு அந்த நாள் தொலைவில் இல்லை.

ரகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐஆர் 64 அருமையான அரிசி, ஆனால் இரும்புக்குத் தாங்காது. அந்த மண்ணுக்கென்றே தேறிய ரகங்கள் இருக்கின்றன: லைபீரியாவின் சுவாகோகோ 8, கினியாவின் சிகே 4, ரோக் 24, விட்டா 4. காம்பியா மாவட்டத்தில் ரோக்குபர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1934லிருந்து இருக்கிறது, ரோக் வரிசையே அங்கிருந்து வந்ததுதான். அடுத்த பருவத்துக்கு அங்கே விதை கேளுங்கள். அதோடு பக்கத்துப் பள்ளத்தில் நடும் பெண்களிடமும் கேளுங்கள், ஓர வயலுக்கு ஒன்று, நடு வயலுக்கு ஒன்று என்று அவர்கள் விதை பிரித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கை மதித்து நடங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் நடவுக்கு முன்னால் தழையை வெட்டிப்போட்டுத் தொழியில் மிதித்து உடனே நட்டுவிடாதீர்கள். பச்சைத் தழை அழுகும்போது மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும், இரும்பு இன்னும் அதிகமாகக் கரையும். தழை போடுவதாக இருந்தால் 3, 4 வாரம் முன்னாலேயே மடக்கி உழுதுவிடுங்கள். தண்ணீர் கட்டிய முதல் சில வாரங்களில்தான் இரும்பு உச்சத்தில் இருக்கும், எனவே சேற்றுழவு செய்து, 2, 3 வாரம் விட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, சற்று முற்றிய நாற்றாக நடுவது நல்லது. திருந்திய நெல் சாகுபடியில் சொல்லும் ஒற்றை நாற்று, 14 நாள் நாற்று என்ற யோசனையெல்லாம் அந்த ஓர வயல்களுக்கு ஆகாது, நடுவில் வேண்டுமானால் செய்து பாருங்கள்.

மேட்டை ஒட்டி ஏற்கெனவே முக்கால்வாசி காய்ந்துபோன வயல்களில் இந்தப் பருவம் இனி உரச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பணத்தை வாய்க்கால் வெட்டும் கூலிக்கு வையுங்கள். அறுவடை முடிந்து மழை விட்டதும் அந்த வயல்களை அக்கம்பக்கத்தாருக்கே மேடு கட்டிச் சர்க்கரைவள்ளி போட விட்டுவிடலாம். அதன் இலையைத்தான் அங்கே குழம்பு வைக்கிறார்கள், நல்ல விலையும் போகும். உங்களுக்கு மண் கிளறிக் காற்று வாங்கியது மிச்சம். தண்ணீர் வடித்த பத்தாவது நாள் வேர்ப் படம் இரண்டு அனுப்புங்கள், ஓர வயலில் ஒன்று, நடுவில் ஒன்று.