சொந்தப் பதிப்பும் ஒரு சனிக்கிழமையும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பத்து வருடங்களாக எழுதியதில் 14 கதைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை, இன்னொன்று பணம் கட்டினால் போடுகிறோம் என்றது. அதற்கு நானே போட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. சொந்தக் காசில் போடுவதெல்லாம் புத்தகமே இல்லை என்கிறார் நண்பர் ஒருவர். அச்சகத்தில் 1000 பிரதி அடித்தால் ஒன்றின் விலை நன்றாகக் குறையும் என்கிறார்கள். உங்கள் இரண்டு நூல்களும் சொந்தப் பதிப்புதான். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ச., பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள தம்பி,

1000 வேண்டாம். நாளைக்கே அச்சகத்தில் முன்பணம் கட்டிவிடுவீர்களோ என்று பயந்து இதை முதலில் சொல்கிறேன். ஆஃப்செட்டில், அதாவது பக்கங்களைத் தகட்டில் ஏற்றி அடிக்கிற முறையில், தகடு செய்கிற செலவு 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான், அதனால்தான் எண்ணிக்கை கூடக்கூட ஒன்றின் விலை குறைகிறது. ஆனால் மிச்சப் பெட்டிகள் உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். தகடே தேவைப்படாத டிஜிட்டலில் 300 அடியுங்கள். ஒரு பிரதிக்குச் சில வெள்ளி கூட ஆகும், ஆகட்டும். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், அடிக்கும்போது திருத்தியும் அடிக்கலாம்.

நண்பர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது, அச்சுக் கூலிக்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் நூலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் வேலையை நடத்தினார். நம் நாட்டிலும் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் நகையை வைத்தும் சேமிப்பை எடுத்தும் தாங்களே நூல் போட்டவர்கள்தான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். என் முதல் தொகுப்பு கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறைக் குடும்பங்களைப் பற்றியது. அதில் மூன்றாவது கதையில், ஒரு சனிக்கிழமை அப்பா வேலை முடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவார், அம்மா கதவருகில் உட்கார்ந்திருப்பாள். புத்தகம் வந்து நாலு மாதம் கழித்து, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். அவரும் அந்தப் பட்டறைத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவர். "ஏம்மா, எங்கப்பாவுக்கெல்லாம் சனிக்கிழமை அரை நாள்தானே. மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் உன் கதையில இருக்கிற மனுஷன் எங்கே போனான்?" என்று கேட்டார். நான் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கதையின் உயிரே அந்த ஆறு மணி நேரத்தில்தான் இருந்தது, அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும், அதனால்தான் கதவருகில் உட்கார்ந்திருக்கிறாள், எழுதிய எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குள் 500 பிரதி அச்சாகிவிட்டது.

நல்ல பதிப்பகம் என்றால் இந்தக் கேள்வியை அச்சுக்கு முன்பே ஒருவர் கேட்டிருப்பார். நாமே போடும்போது கேட்க ஆளில்லை, அச்சகத்தில் கொடுத்ததை அப்படியே அடித்துக் கொடுப்பார்கள். ஆகவே அட்டைக்கு ஓவியரைத் தேடுவதற்கு முன் அந்த ஆளைத் தேடுங்கள். உங்கள் கதை நடக்கிற இடத்தில் வாழ்ந்தவராக இருந்தால் நல்லது, உங்களை மகிழ்விக்க வேண்டிய அவசியம் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. என் இரண்டாவது தொகுப்பின் கைப்பிரதியை அந்தத் தாதியம்மாவிடம்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு கதைகளை எடுத்துவிடச் சொன்னார். ஒன்றை எடுத்தேன். பிழை திருத்துபவர் வேறு ஆள், அவருக்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். பக்க வடிவமைப்பு முடிந்ததும் கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள், தாளில் எடுத்து வரி வரியாகப் பாருங்கள். மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். ஆஃப்செட்டில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற தொகுதி. மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால்தான் தாள் வீணாகாது. என் புத்தகம் 163 பக்கம் வந்தது, 176க்குப் போக வேண்டாம் என்று 160க்குள் அடக்க மூன்று பக்கம் வெட்டினேன். வெட்டியதில் ஒரு வரிக்குக்கூட இன்றுவரை நான் வருந்தவில்லை.

வெளியீட்டு விழா வையுங்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வரிசையாக மேடைக்கு வந்து ஐம்பதோ நூறோ உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு நூலை வாங்கிக்கொள்வார்கள். என் அச்சுக் கடன் அன்றைக்கே அடைந்தது, அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் உறை கொடுத்த எல்லாரும் படிப்பார்கள் என்று எதிர்பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், அவர்கள் வந்தது உங்களுக்காக. படிக்கிறவர்கள் பிறகுதான், ஒவ்வொருவராக வருவார்கள். அதற்காகத்தான் 300இல் ஒரு நூறையாவது விழாவுக்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேட்டு எழுதுகிறவர்களுக்கு நீங்களே பொட்டலம் கட்டி அஞ்சலில் அனுப்புங்கள், உள்ளே உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். அந்தத் தாதியம்மாவுக்கு என் எண் கிடைக்க நாலு மாதம் ஆகியிருக்க வேண்டாம்.

சரி, 14 கதைகளில் உங்களுக்கே சந்தேகமாக இருப்பது எது? நன்றாக வந்ததை அல்ல, அந்தச் சந்தேகமான ஒன்றை எனக்கு அனுப்புங்கள். தைப்பூச விடுமுறைக்குள் படித்துவிட்டு அழைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா