திடீர் கான்டேயா?

கேள்வி: ஆப்பிரிக்க நாடான மாலியிலிருந்து பிரான்ஸுக்குக் குடியேறியவர்களின் மகன், கால்பந்து வீரர் கான்டே. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்புக்கு வந்ததும் திடீரென்று நட்சத்திரம் ஆகிவிட்டாரே, எப்படி?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: திடீர் சாம்பார் பொடி, திடீர் ரசப் பொடி எல்லாம் கடையில் இருக்கின்றன. யாரோ மிளகாயைக் காயவைத்து, மல்லியை வறுத்து, அரைத்து, சலித்துப் பாக்கெட்டில் போட்ட பிறகுதான் அது நம் கையில் ‘திடீர்’ ஆகிறது. கால்பந்தில் அந்த வறுப்பதும் அரைப்பதும் டிவியில் வருவதில்லை.

என்கோலோ கான்டே 1991-ல் பாரிஸில் பிறந்தவர். 8 வயதில் சுரேன் என்ற புறநகரில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்து, பத்து வருடம் அங்கேயே ஆடினார். ஆள் குள்ளம் என்று பெரிய அகாடமிகள் அவரை எடுக்கவில்லை. 2010-ல் பூலோன் கிளப்பின் இரண்டாம் அணி. கூடவே கணக்கியல் படிப்பு. அப்புறம் மூன்றாம் டிவிஷன். அப்புறம் கான் நகர கிளப், இரண்டாம் டிவிஷனிலிருந்து முதலாவதுக்கு. லெஸ்டர் கூப்பிட்டபோது வயது 24.

ஆளை உயரம் பார்த்து ஒதுக்குகிற அந்த அளவெடுக்கும் நாடாவின் மேல் எனக்குத் தீராத கோபம். இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், “உயரம் இல்லாமல் என்ன கால்பந்து?” என்று சண்டைக்கு வந்த கடிதங்களும் உண்டு. பையனின் உயரத்தை அளக்கலாம், சரி. பந்து எங்கே வரப்போகிறது என்று மற்றவர்களுக்கு முன்பே அவன் கண்டுகொள்வதை எந்த நாடா அளக்கும்? கான்டே ஐந்தரை அடிதான். லெஸ்டருக்கு 2016-ல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரிமியர் லீக் கோப்பை, செல்சி கிளப்புக்கு மாறியதும் அடுத்த வருடமே அங்கும் அதே கோப்பை, 2018-ல் பிரான்ஸுக்கு உலகக் கோப்பை. 2021-ல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுடன் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்கள், போர்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியுடன் இறுதி, மூன்றிலும் ஆட்ட நாயகன் அவர். மூன்றிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை! பந்தைப் பறித்தார், ஓடினார், மறுபடி பறித்தார். “பூமியில் 71 சதவீதம் தண்ணீர், மீதியைக் கான்டே பார்த்துக்கொள்கிறார்” என்று ரசிகர்கள் சொன்னது சும்மா இல்லை.

மாலி என்றீர்களே, 2015 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அந்த நாடும் அவரைக் கேட்டது. பிரான்ஸின் முதல் டிவிஷனில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தார், போகவில்லை. பிரான்ஸ் அணிக்கு முதலில் ஆடியது 2016 மார்ச்சில். நான்கு நாள் கழித்து ரஷ்யாவுடன் ஆட்டம். அன்று அவருக்கு 25-வது பிறந்தநாள். எட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தார்.