பழைய கண்ணாடி மணி: முதலில் துளையைப் பாருங்கள்

நூலில் கோர்க்கும் பழைய மணிகளைப் பற்றி டர்பன் பக்கமிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். இனிமேல் படம் அனுப்புகிறவர்கள் துளைப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மணி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

சாட்ஸ்வர்த் அக்கா: ஆயா பெட்டியில் சின்ன வெள்ளை மணிகள், இடுப்பில் பட்டை கட்டியதுபோல ஒரு கோடு. கப்பலில் வந்த காலத்துக் கண்ணாடியா?

அக்கா, அது கண்ணாடியே இல்லை. பீங்கான் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டது, பிராஸர் மணி என்பார்கள். ரிச்சர்ட் பிராஸர் 1840இல் இங்கிலாந்தில் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அப்புறம் பிரான்ஸில் பிரியார் ஊரில் பாப்தெரோஸ் ஆலை மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளியது. நீங்கள் சொல்லும் பட்டை அச்சின் தடம். ஒரு முனை வழவழவென்றும் மறுமுனை சொரசொரவென்றும் இருக்கிறதா பாருங்கள். நம் ஒப்பந்தத் தொழிலாளர்களை முதலில் டர்பனுக்கு ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் வந்தது 1860 என்பதால் உங்கள் வீட்டுக் கதை காலத்தோடு இடிக்கவில்லை, ஆனால் இந்த மணிகள் போன நூற்றாண்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தன, மணியை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

பீனிக்ஸ் தம்பி: ரெண்டு மணி ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிறது. அபூர்வ வகை என்று கடைக்காரர் விலை ஏற்றுகிறார்.

கொடுக்காதே தம்பி. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டு போட்டால் ஓரம் கூராக இருக்கும். அதை மழுக்கத் துண்டுகளைப் பொடியில் புரட்டித் திரும்பச் சூடாக்குவார்கள், அப்போது பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை சில ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இழுத்த மணி என்பதற்கு அடையாளம் குமிழி: லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளை போகிற வாக்கிலேயே நீண்டு கிடக்கும். உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணியில் குமிழி துளையைச் சுற்றி ஓடும்.

டொங்காட் ஐயா: மணியின் ரெண்டு முனையிலும் மெல்லிய கழுத்து இருக்கிறது. இதற்கு என்ன பெயர்?

கழுத்துள்ள மணி என்றே சொல்லலாம் ஐயா. சூடான கண்ணாடிக் குழாயைப் பள்ளம் வெட்டிய அச்சில் உருட்டினால் கரும்புக் கணு மாதிரி வரிசையாக முண்டு முண்டாக வரும், அதில் ஒரு முண்டை ஒடித்தெடுத்தால் ரெண்டு பக்கமும் கழுத்து மிஞ்சும். முனையில் ஒடித்த தழும்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

லெனேசியா அண்ணன்: நண்பர் வடக்கே லிம்போபோ பக்கத்துப் பண்ணையில் பொறுக்கினாராம். நீலப்பச்சை, தடித்த பீப்பாய் வடிவம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்டன் ரோலர் மணியாக இருக்கலாம். லிம்போபோ ஆற்றுப் பக்கத்துப் பழைய நகரமான மாபுங்குப்வேக்குப் பக்கத்தில் கே2 என்ற ஊரில் சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்தவர்கள், கடல்கடந்து வந்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளைத் திரும்ப உருக்கிக் களிமண் அச்சில் போட்டு இந்தப் பெரிய மணியைச் செய்தார்கள். மணியை வெளியே எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும், உடைந்த அச்சுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தச் சின்ன மணிகள் அரிக்கமேட்டில் செய்தார்களே, அதே இழுத்த மணி வகைதான்; இப்போது இந்தோ பசிபிக் மணி என்று சொல்கிற அந்த வகை இந்தக் கரை வரைக்கும் வந்தது. சும்மா வாங்கிக் கோர்த்துக்கொள்ளாமல் உருக்கி வேறொன்று செய்த கைகள் அவை, எனக்கு இந்த நாட்டு மணிகளிலேயே பிடித்தது இதுதான். ஆனால் அண்ணே, 1999ஆம் வருட மரபுச் சட்டப்படி தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். எடுத்த இடத்தைக் குறித்துத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள், விற்கிற பேச்சே வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கை: தட்டு மணி, குட்டை மணி, எப்படிப் பிரிப்பது?

அளந்து பார்க்கணும். துளை வாக்கில் உள்ள நீளம் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் தட்டு, அதற்கு மேல் பத்தில் ஒன்பது வரை குட்டை, குறுக்களவை ஒட்டியே இருந்தால் சாதாரணம், குறுக்களவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீண்டிருந்தால் நீள மணி. 1928இல் மணி ஆராய்ச்சியாளர் ஹொரஸ் பெக் போட்ட கணக்கு, இன்னும் ஓடுகிறது.

அதே தங்கை: ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வளைகிற மணி?

பாம்பு மணி, பொஹீமியாவில் அச்சில் அழுத்திச் செய்தது. நூல் இற்றிருந்தால் வரிசை கலையாமல் மாற்றிக் கோருங்கள், கலைந்தால் திரும்ப மாட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.