எந்த ஃபோல்டரில் வைப்பது என்று தவிக்கும் மாணவிக்கு

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "மூன்று வாரமாகக் குறிப்பெடுக்கும் ஆப்பை அமைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு குறிப்புகூட எழுதவில்லை." இறுதியாண்டு நெருங்குகிறது, இன்டர்ன்ஷிப் தேட வேண்டும், இந்த நேரத்தில் இது வீண் வேலையோ என்று கேட்டிருந்தீர்கள். வீண் வேலை இல்லை. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஃபோல்டர்களாகப் பிரித்து வைக்கும் பழைய முறையில் எதை எழுதினாலும், இதை எங்கே வைப்பது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். வேலையில் சேர்ந்துவிட்ட ஒரு சீனியருடன் பேசியதை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் அவருடைய நிறுவனம் வருகிறது. நேர்காணலில் கேட்ட கேள்விகள் வருகின்றன. தரவுத்தளங்களில் தகவல் தேட உதவும் எஸ்க்யூஎல் மொழியை நன்றாகப் படித்துக்கொள் என்று அவர் சொன்னதும் வருகிறது. இதை 'நிறுவனங்கள்' ஃபோல்டரில் வைப்பதா, 'நேர்காணல்' ஃபோல்டரில் வைப்பதா, 'படிப்பு' ஃபோல்டரில் வைப்பதா? எதில் போட்டாலும் மற்ற இரண்டிலும் தேடும்போது கண்ணில் படாது.

கெபாசிட்டீஸ், எனிடைப், டானா போன்ற புதுவகைக் குறிப்பு ஆப்களில் கேள்வியே வேறு. எங்கே வைப்பது என்பதை விட்டுவிட்டு, இது என்ன என்று கேட்கின்றன. இது ஒரு நபர், இது ஒரு நிறுவனம், இது ஒரு திறன். ஒவ்வொன்றும் தனிப் பக்கம் கொண்ட ஒரு ஆப்ஜெக்ட், ஒவ்வொரு வகைக்கும் அதற்கேற்ற விவரக் கட்டங்கள். நபர் என்றால் எங்கே வேலை, கடைசியாக எப்போது பேசினோம். நிறுவனம் என்றால் விண்ணப்பிக்கக் கடைசி நாள். சீனியருடன் பேசிய குறிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆனால் அவர் பெயர், நிறுவனம், எஸ்க்யூஎல் மூன்றும் அதற்குள் இணைப்புகளாக இருக்கும். நாளைக்கு எஸ்க்யூஎல் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பேச்சு அங்கே தெரியும். இப்படித் திரும்பிவரும் இணைப்பைத்தான் பேக்லிங்க் என்கிறார்கள்.

இந்த யோசனை கணினிக்கு முந்தியது. நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் சுமார் 90,000 காகித அட்டைகளில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஓர் அட்டையில் இன்னோர் அட்டையின் எண்ணைக் குறித்து இணைத்து வைத்திருந்தார். அந்த இணைப்புகள் எழுத எழுதத்தான் உருவாயின. உங்கள் மூன்று வாரம் ஏன் நகரவில்லை என்பதற்கான காரணமும் இதுதான். எழுதாத குறிப்புகளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, இன்று என்ன செய்யலாம்? நீங்கள் உருவாக்கியிருக்கும் பதினேழு வகைகளில் நபர், நிறுவனம், திறன், திட்டப்பணி நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மனம் வராவிட்டாலும் நீக்குங்கள். ஒரே மாதிரியான விவரத்தை நாலைந்து முறை எழுதிவிட்டோம் என்று எப்போது தோன்றுகிறதோ, அப்போது புது வகை உருவாக்கினால் போதும்.

அப்புறம் தினமும் அன்றைய தேதிக்கான பக்கத்தைத் திறந்து அதில் மட்டும் எழுதுங்கள். வகுப்பில் புரிந்தது, லேபில் சிக்கியது, யாரிடம் என்ன கேட்டீர்கள், எல்லாம் அங்கேதான். எழுதும்போது ஒரு பெயர் வந்தால் @ குறி போட்டு இணையுங்கள். அந்த ஆப்ஜெக்ட் இல்லையென்றால் அந்த இடத்திலேயே உருவாக்கிக்கொள்ளலாம். டானாவில் ஒரு வரிக்கே # குறியுடன் வகை கொடுத்துவிடலாம். கட்டங்கள் காலியாக இருந்தால் இருக்கட்டும். எல்லாச் சொல்லையும் இணைக்கவும் வேண்டாம். பின்னால் இதைத் தேடி வருவேனா என்று கேட்டுப் பாருங்கள், ஆம் என்றால் மட்டும் இணையுங்கள்.

நான்கு வகைகளில் 'திறன்' மீதுதான் எனக்கு அக்கறை அதிகம். ஆலோசனைக்கு வரும் மாணவர்களிடம், குழுவாக வேலை செய்து ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்பேன். நிறைய பேர் திகைத்துப் போவார்கள். செய்யாதவர்கள் இல்லை. செய்தது நினைவில் இல்லை, அவ்வளவுதான். இரண்டு ஆண்டு உழைப்பு ரெஸ்யூமேயில் 'டீம்வொர்க்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உங்கள் மினி ப்ராஜெக்டில் தரவு இரண்டு முறை பதிவான பிழையை நீங்கள் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தீர்களே, அதை அன்றே இரண்டு வரி எழுதி, திட்டப்பணியையும் 'பிழை திருத்தம்' என்ற திறனையும் இணைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து அந்தத் திறனின் பக்கத்தில் தேதியோடு அது காத்திருக்கும். நேர்காணலுக்கு முந்தைய இரவு நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

எந்த ஆப் நல்லது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்புகளை வெளியே எடுத்துக்கொள்ள எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே ஒரு முறை செய்து பாருங்கள். எனிடைப் குறிப்புகளை உங்கள் கருவியிலேயே, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைக்கிறது. அதைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், தொலைத்தால் மீட்டுத்தர யாரும் இல்லை. சாதாரண உரைக் கோப்புகளாகவே இருந்தால் நிம்மதி என்று தோன்றினால் அப்சிடியன் என்ற ஆப் போதும், அதிலும் இணைப்புகளும் விவரக் கட்டங்களும் உண்டு. இன்டர்ன்ஷிப் போன பிறகு, நிறுவனத்தின் உள்விவரங்களை உங்கள் சொந்த ஆப்பில் எழுதாதீர்கள். என்ன கற்றீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். கடவுச்சொற்களுக்கும் இது இடமில்லை.

இன்றிரவே அந்தப் பிழையிலிருந்து தொடங்குங்கள். எப்படிக் கண்ணில் பட்டது, முதலில் என்ன முயன்றீர்கள், யார் உதவினார்கள் என்று நாலு வரி போதும். இரண்டு வாரம் கழித்து 'திறன்' பக்கங்களில் சேர்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள், ரெஸ்யூமேயின் முதல் வரைவை அதை வைத்தே எழுதுவோம்.