1815இல் மலை எங்கே போயிருந்தது?

"ஒரு நாடு வலுப்பெறுவதையும் ஒரு பேரரசு சரிவதையும் தீர்மானிப்பது வரலாறா, புவியியலா, ஆட்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் தனித்தனியாக அடுக்கிக் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்கள் இலங்கையில் படிக்கும் மாணவராகவோ அண்மையில் பாடசாலையை விட்டவராகவோ இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் நேரசூசியில் வரலாற்றுக்கு ஒரு பாடவேளை, புவியியலுக்கு இன்னொன்று, குடியியலுக்கு வேறொன்று. வரலாறு படிப்பிப்பவர் தேசப்படத்தைத் தொடுவதில்லை. புவியியல் படிப்பிப்பவர் அரசனின் பெயரைச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. உங்கள் கேள்வியைக் கண்டதும் எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதே போர்த்துக்கேயரை 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் முறியடித்த கண்டி இராச்சியமோ 1815 வரை நின்றது. இந்த வேறுபாட்டுக்கு நான் ஆண்டுதோறும் ஒரே விடையைத்தான் கரும்பலகையில் எழுதி வந்தேன். கண்டியை மலையும் காடும் காத்தன. யாழ்ப்பாணத்திலோ பெயரில் மட்டும் மலை வைத்திருக்கும் கீரிமலையைத் தவிர வேறெதுவும் இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் புள்ளியும் பெறுவார்கள். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்படியெண்டால் 1815இல மலை எங்க சேர் போனது?" என்று கேட்டாள். "பாடத்திட்டத்தில் உள்ளதை முதலில் எழுதும் பிள்ளை" என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். அன்று மாலை வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

மலை எங்கும் போகவில்லை. 1803இல் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை நகரை எளிதாகப் பிடித்தது. பிடித்த நகரில் விட்டுச்சென்ற காவற்படையோ காய்ச்சலாலும் முற்றுகையாலும் நலிந்து சில மாதங்களில் அழிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே மலைப்பாதைகளால் ஏறி வந்த பிரித்தானியருக்குப் பெரும் போர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் அவன் கீழ் மாகாணங்களை ஆண்ட பிரதானிகளுக்கும் இடையிலான உறவு முறிந்து, அவர்களில் முதன்மையானவரான எகலப்பொல 1814இல் பிரித்தானியரின் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2ஆம் திகதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களும் அந்தப் பிரதானிகளே. மலை ஓர் அரணாக இருப்பதற்கு, அதன் கணவாய்களில் காவல் நிற்பவர்கள் அரசனோடு நிற்க வேண்டும். பிரித்தானியர் இதை நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். 1817 - 18இல் கண்டியில் தங்களுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு, எட்வேட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு வெட்டி, இன்னொரு முறை அந்த மலை யாருக்கும் அரணாகாதபடி செய்துவிட்டார்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. தட்டையான நிலமும் சுற்றிலும் கடலும் யாழ்ப்பாணத்தைக் கைவிட்டன என்பது பாதி உண்மை மட்டுமே. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, யாழ்ப்பாண மன்னனான ஆரியச் சக்கரவர்த்தியைக் கடலில் வலிமை மிக்க அரசனாகவே எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பும் பாக்கு நீரிணையின் போக்குவரத்தும் அந்த அரசின் வாழ்வாக இருந்தன. இதே கடலைத் தாண்டித்தான் சோழர் இங்கு வந்தனர். இதே கடலில் புறப்பட்டுத்தான் 1025இல் சுமாத்திராவின் ஸ்ரீவிஜயம் வரை படை நடத்தினர். 1560இல் மன்னார் போர்த்துக்கேயரின் கைக்குப் போன பிறகு, அதுவரை வருமானம் தந்த கடல் பகைவன் வரும் வழியாக மாறத் தொடங்கியது. 1591இல் நல்லூரில் அரசன் கொல்லப்பட்டு, போர்த்துக்கேயரின் தயவில் எதிர்மன்னசிங்கன் முடிசூட்டப்பட்டான். அவன் 1617இல் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. அரண்மனைக்குள் இரத்தம் சிந்தி அதிகாரத்தைப் பிடித்த சங்கிலி, தஞ்சாவூர் நாயக்கரின் உதவியை நாடினாலும், 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தபோது அவனுக்குப் பின்னால் ஒன்றுபட்ட ஒரு நாடு இருக்கவில்லை. கோவாவுக்குக் கொண்டுபோய் அவனைக் கொன்றார்கள்.

தட்டையான நிலம் சாபம் என்று நம்புகிறவர்களுக்கு 1658ஐயும் நினைவூட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் கோட்டையை முற்றுகையிட்டு, போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த ஒல்லாந்தரின் சொந்த நாடு எங்கள் குடாநாட்டைப் போலவே பெரும்பாலும் தட்டையானது. அதன் ஏறத்தாழக் கால்வாசி கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பது. அங்கே 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அணைகளையும் வாய்க்கால்களையும் பராமரிக்கவென்று தனிச் சபைகள் இருந்தன; காணி உள்ளவர் ஒவ்வொருவரும் அவற்றுக்கு வரி கட்டவோ உழைப்புத் தரவோ வேண்டும். ஒருவன் தவறினால் எல்லோரும் மூழ்க நேரும் நிலத்தில் பொதுப்பணத்தைச் சேர்க்கவும் கணக்குக் காட்டவும் பழகிய மக்கள், 1602இல் பலரின் பங்குப் பணத்தைத் திரட்டி ஒரு கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. இது என் ஊகம். ஆய்வாளர்கள் வேறு காரணங்களையும் சொல்வார்கள், சொல்லட்டும்.

"யாழ்ப்பாணத்தான் எதைப் பேசினாலும் கடைசியில் தன் கிணற்றுக்குத்தான் வருவான்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வரத்தான் போகிறேன். எங்கள் ஐயா உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்தவர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர் நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குவதைத்தான் துலாவாலும் பிறகு மண்ணெண்ணெய் இயந்திரத்தாலும் இறைத்தோம். 1970ஆம் ஆண்டு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, ஐயாவின் செத்தல் மிளகாய்க்கு அவர் கனவிலும் காணாத விலை கிடைத்தது. எங்கள் ஓலை வீடு கல்வீடானது அந்தக் காசில்தான். நாட்டின் மற்ற இடங்களில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது என்பதை மறைக்க மாட்டேன். எங்களை வாழவைத்த கொள்கை வேறு பலரை வருத்தியது. 1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இறக்குமதி மிளகாய் வந்து இறங்கியது. மறு வருடம் மூட்டைகளை விற்க முடியாமல் விறாந்தையில் அடுக்கிவைத்துவிட்டு ஐயா சொன்னார்: "கிணறும் அதுதான், மண்ணும் அதுதான், மழையும் பெய்ததுதான். கொழும்பில ஒரு கடுதாசியில கையெழுத்து வைச்சிட்டாங்கள்."

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை அந்த விறாந்தையில்தான் இருக்கிறது. நிலம் எதைத் தரலாம், எதைத் தர முடியாது என்பதைப் புவியியல் வரையறுக்கிறது. அதில் யாருக்கு எவ்வளவு, யார் காவல், யார் வரி என்பதை ஆட்சி வகுக்கிறது. முந்தியவர்கள் வகுத்துவிட்டுப் போனவை பிந்தியவர்களுக்கு மண்ணைப் போலவே அசைக்க முடியாதவையாகிவிடுவதையே நாம் வரலாறு என்கிறோம். நான் பேராசிரியன் அல்லன். பாலைவனத்திலும் நல்லாட்சி இருந்தால் நெல் விளையும் என்று சொன்னதாக என்னைத் திரித்துக் காட்டவும் வேண்டாம்.

அந்த மாணவியிடம் மறுநாள் வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டேன். "மலை அங்கேயே நின்றது பிள்ளை, பிரதானிகள்தான் இறங்கிப் போய்விட்டார்கள்" என்றேன். அவள் கொப்பியில் எதையும் எழுதவில்லை. "பிரதானிகள் ஏன் சேர் இறங்கினவை?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளை புவியியல்.