முதலில் சாணை, அப்புறம் சங்கம்

கேள்வி: அண்ணா, சூலூரில் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்புச்சி விட்டுப்போன உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்து ஏதாவது செய்துகொண்டிருப்பேன். இதே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் கோவை, பல்லடம் பக்கம் இருக்கிறார்கள். மெஷின் இல்லாமல் கைக்கருவியால் மட்டும் மரவேலை செய்கிறவர்களுக்காக ஒரு குழு ஆரம்பிக்க ஆசை. சங்கமாகப் பதிவு செய்து, ஆளுக்கு ஐயாயிரம் வாங்கி, இடம் பிடித்துவிடலாம் என்கிறார் நண்பர். "ஆசாரிங்க பார்த்தாச் சிரிக்கப் போறாங்க" என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தாராளமாக ஆரம்பியுங்கள். நண்பர் சொல்கிற வரிசையில் மட்டும் வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம்தான். ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி பிரித்த கையோடு பல சங்கங்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஐயாயிரம் கொடுத்தவர் மூன்றாம் வாரமே கணக்குக் கேட்பார். மில்லில் ஆறு நாள் பார்க்கிற வேலையை ஏழாம் நாளும் பார்க்க வேண்டுமா?

முதல் கூட்டத்துக்கு வருகிறவர்கள், வீட்டில் இருப்பதிலேயே மொண்ணையான உளியை எடுத்து வரட்டும். இந்த ஆசை பலருக்கு ஒரே மாதத்தில் விட்டுப்போகக் காரணமே மொண்ணை உளிதான். தட்டித் தட்டி மரமும் பிய்ந்து, கையும் வலித்து, கடைசியில் கடைக்குப் போய் மெஷின் வாங்கிவிடுவார்கள். அதனால் முதல் நாள் தீட்டுவது மட்டுமே வேலை.

செலவு அதிகமில்லை. கனமான கண்ணாடித் துண்டு ஒன்று, அதன்மேல் ஒட்ட 220, 400, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்). முதலில் உளியின் தட்டையான முதுகுப் பக்கத்தை, நுனியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு, முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். நிறையப் பேர் இதை விட்டுவிட்டுச் சரிவையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். முதுகு குழிவிழுந்து கிடந்தால் கூர் எங்கிருந்து வரும்? அப்புறம்தான் சரிவு. 25 பாகைக்கும் 30 பாகைக்கும் நடுவில் இருக்கட்டும். கோணம் அளக்கக் கருவி தேட வேண்டாம். சரிவின் நீளம் உளியின் தடிமனைப் போல இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூட இருந்தால் சரி. தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் மெல்லிய பிசிறு ஏறும். கட்டைவிரலை நுனிக்கு வெளியே தள்ளுகிற மாதிரி லேசாகத் தடவினால் தட்டுப்படும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பிசிறு வந்த பிறகுதான் அடுத்த பேப்பர். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் இழுத்துவிட்டு, மலைவேம்புத் துண்டைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழவென்று வந்தால் தேறிவிட்டது. வேலை முடிந்ததும் துரு பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், நாளாக ஆகப் பிசுக்கு ஏறிவிடும். தையல் மெஷின் ஆயில் போதும். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கா பஞ்சம்!

ரம்பத்தை முக்கோண அரத்தால் தீட்டலாம். ஆனால் பல்நுனி மட்டும் கருநீலமாக இருக்கிற புது ரம்பங்களில் அரம் ஏறாது. அவை தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். அப்புச்சி பெட்டியில் இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

இடத்துக்கு வாடகை எதற்கு? யாராவது ஒருவர் தோட்டத்துச் சாளை (கொட்டகை) போதும். கரண்டும் தேவையில்லை, சத்தமும் பெரிதாக இல்லை. கனமான மேசை அமையும்வரை, நம் ஆசாரிகள் மாதிரித் தரையில் உட்கார்ந்து காலால் கட்டையை அணைத்துப் பிடித்துச் செய்யப் பழகுங்கள். மரத்துக்குத் தேக்குப் பக்கமே போகாதீர்கள். மலைவேம்பு நம் பக்கத்துத் தோட்டங்களில் நிறைய நிற்கிறது, உளிக்கு இளக்கமாக இருக்கும். வெளிநாட்டு மெஷின்கள் வருகிற பெட்டிகளின் பைன் பலகையும் நல்லது. அதில் முத்திரை பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முதல் சாமானாக உளியைத் தட்ட ஆளுக்கொரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) செய்துகொள்ளுங்கள், அதற்கு மட்டும் புளியங்கட்டை.

இனி உங்கள் வீட்டில் கேட்டதற்கு வருகிறேன். ஆசாரிகள் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும். சிரித்தவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு நாள் கூலியை முழுசாகக் கொடுத்து, சொல்லித்தரச் சொல்லுங்கள். "பொழுதுபோக்குதானே, சும்மா வாங்க" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அதே மாதிரி, நாலு சாமான் செய்யக் கற்றதும் அக்கம்பக்கத்தில் பாதி விலைக்கு ஆர்டர் பிடிக்கிற ஆளையும் குழுவில் வைக்காதீர்கள். அது ஆசாரிகளின் சோறு.

கோவையில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கணபதி, பீளமேடு பக்கம் பவுண்டரிகளுக்கு (இரும்பு வார்க்கிற பட்டறைகளுக்கு) மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி உரு, செய்த பழைய கைகள் இன்னும் இருக்கின்றன. பம்ப்பின் உடல் இரும்பாக வார்க்கப்படும் முன் மரத்தில் உருவாகியது அவர்கள் கையில்தான். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதனால் அந்த அளவுக்குக் கோடுகளைத் தள்ளிப்போட்ட தனி ஸ்கேலில் அளந்து செய்வார்கள். மண்ணில் பதித்த பேட்டர்னை உருவும்போது மண் அச்சு உடையாமலிருக்கப் பக்கங்களை லேசாகச் சரித்தும் விடுவார்கள். கண்ணுக்கே தெரியாத சரிவு அது, இழைப்புளியால் எடுத்தது. இப்போது அந்த வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மெஷினுக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்றவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஆயிரம் வீடியோ பார்த்தாலும் கிடைக்காததை ஒரு காலைப்பொழுதில் காட்டிவிடுவார்.

மழை பெய்கிற ஒரு நாளில், திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொண்டு, ஆர்.எஸ்.புரத்துக் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1902இல் தொடங்கியது. நம் காட்டு மரங்களை அங்கே பார்க்கலாம்.

ஆசாரியைக் கூப்பிட ஆடி மாதம் தோது. வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், நிலவு (வாசற்கால்) வைக்க மாட்டார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் கை ஓய்வு இருக்கும். அமாவாசை மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பலர் உளியைத் தொட மாட்டார்கள்.