மெட்டு எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் டெனர் சாக்ஸபோனில் வாசித்த ‘பாடி அண்ட் சோல்’ பதிவைக் கேட்டேன். தொடக்கத்தில் சில நொடிகள் பாடல் கேட்கிறது, பிறகு காணாமல் போகிறது. இதை அந்தப் பாடல் என்று எப்படிச் சொல்ல முடியும்? இது நம் ராக ஆலாபனையைப் போன்றதா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் செவியில் பிழையில்லை. ஜானி கிரீன் 1930இல் அமைத்த மெட்டை ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மட்டும் கோடிட்டுக் காட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் தன் கற்பனையையே வாசிக்கிறார். அவர் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது, மெட்டுக்கு அடியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் கார்டுகளின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின், வரிசையை. 32 பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) கொண்ட அந்தச் சுற்று இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு கார்டையும் சுரங்களாகப் பிரித்து, ஏற்றியும் இறக்கியும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் தானே சில கார்டுகளைச் செருகியும் அவர் போகிறார்.

ஆகவே, தாளக்கட்டு இல்லாத ஆலாபனையோடு இதை ஒப்பிட நான் தயங்குவேன். நிரவல் சற்று நெருங்கி வரும், ஆனால் அங்கே சாகித்திய வரி அப்படியே நிற்க அதன் இசை மாறுகிறது. இங்கே சொல்லும் இல்லை, மெட்டும் இல்லை, கார்டுகள் மட்டுமே நிற்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. யாரேனும் பாடிய பதிவில் பாடலை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டு, ஹாக்கின்ஸ் வாசிக்கும்போது உள்ளுக்குள் பாடிக்கொண்டே வாருங்கள். பாடலின் இடைப்பகுதி தொடக்க ஸ்ருதியிலிருந்து அரைச் சுரம் மேலேறும். அவருடைய வாசிப்பும் மெட்டின் சாயலே இல்லாமல் சரியாக அதே இடத்தில் மேலேறுவதைக் கேட்பீர்கள்.

ஐந்தாண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1939இல்தான் அமெரிக்கா திரும்பியிருந்த அவர், அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் புளூபேர்ட் நிறுவனத்துக்காக இதைப் பதிவு செய்தார். அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். இந்த வேகத்தில் இரண்டு சுற்றுக்கு மேல் அதில் இடமில்லை. மெட்டே இல்லாத அந்த இசைத்தட்டு மக்களிடையே நன்றாக விற்றது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பலரும் இரண்டாம் சுற்றின் உச்சத்தைப் புகழ்வார்கள். எனக்கு முதல் சுற்றே பிடிக்கும்: சுரத்தோடு மூச்சின் ஒலியும் கலந்து கேட்கும் அந்த அடங்கிய குரலில், மெட்டை அவர் எந்த நொடியில் கைவிட்டார் என்று பலமுறை கேட்டும் என்னால் குறித்துச் சொல்ல முடியவில்லை.